வர்ணமும் கூர்மையும்: இணையவழிப் புகைப்பட அச்சைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

வீதியோரத்து ஸ்டூடியோவில் படமெடுத்து, அங்கேயே கழுவி அச்சிட்டு வாங்கிய காலத்தில், முகம் இருண்டிருக்கிறது என்றோ, புடவையின் நிறம் மாறிவிட்டது என்றோ வாடிக்கையாளர் நேரில் சொல்லி, வேறு பிரதி கேட்டு வாங்குவது சாத்தியமாயிருந்தது. 1999-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஒஃபோட்டோ, ஷட்டர்ஃபிளை போன்ற ஸ்தாபனங்கள் தோன்றி, படங்களை இணையத்தின் வழியே பெற்று அச்சிட்டுத் தபாலில் அனுப்பும் முறையைப் பிரபலமாக்கிய பின்பு, அச்சிடுபவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் காணாதவர்களாகிவிட்டனர். கூரியரில் வந்த உறையைப் பிரித்தவர், படத்தை அச்சிட்ட லேபைக் குறை கூறுகிறார். லேபோ அவருடைய கைப்பேசியைக் குறை கூறுகிறது. இவ்விரு தரப்பாரின் வாதங்களிலும் எவ்வளவு நியாயம் உண்டு என்பதையும், அனுப்பிய படத்துக்கும் வந்த பிரதிக்கும் இடையே வர்ணமும் கூர்மையும் எந்தெந்த இடங்களில் மாறுகின்றன என்பதையும், அம்மாறுதல்களுள் எவை தவிர்க்கக்கூடியவை, எவை இயற்கையின் எல்லைக்குட்பட்டவை என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணும் வர்ணமும்

மூன்று ஒளிகளின் கலப்பினால் கண் காணும் வர்ணங்களை உண்டாக்கலாம் என்னும் தத்துவத்தை, 1861-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், கட்டம்போட்ட ஒரு ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் ஊடே எடுத்த படங்களைத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்திக் காட்டி விளக்கினார். அத்தத்துவத்துக்கு அளவுகோல் கிடைக்க மேலும் எழுபது ஆண்டுகள் பிடித்தன. ரைட், கில்ட் என்னும் இரு ஆங்கில விஞ்ஞானிகள் தனித்தனியே, மொத்தம் 17 பேரின் கண்களைக்கொண்டு செய்த பரிசோதனைகளின் மீது, சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 1931-ஆம் ஆண்டில் ஒரு பிரமாண நோக்கரை வகுத்தது. இன்று திரையும் அச்சு யந்திரமும் வர்ணத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளும்போதெல்லாம், அந்த 17 பேரின் சராசரிக் கண்ணையே சாட்சியாகக் கொள்கின்றன.

டிஜிட்டல் காமிராவின் உணரியோ மூன்று வர்ணங்களையும் ஒவ்வொரு புள்ளியிலும் காண்பதில்லை. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயருக்கு 1976-ஆம் ஆண்டில் காப்புரிமை வழங்கப்பட்ட அமைப்பின்படி, புள்ளிகளில் பாதி பச்சையையும், கால்பங்கு சிவப்பையும், கால்பங்கு நீலத்தையும் மட்டும் அளக்க, எஞ்சியதைக் கணிதம் ஊகித்து நிரப்புகிறது. இறுதியில் ஃபைலில் நிற்பவை புள்ளிக்கு மூன்றாக எழுதப்பட்ட, 0 முதல் 255 வரையிலான எண்களே. அவ்வெண்கள் தம்மளவில் வர்ணமாகா. எந்தச் சிவப்பின் 200, எந்தப் பச்சையின் 200 என்ற விவரம் உடன் இருந்தாலன்றி அவற்றுக்குப் பொருளில்லை. நாணயத்தின் பெயரை எழுதாமல் நூறு என்று மட்டும் எழுதிய கடன் பத்திரம் எவ்வளவு செல்லுமோ, அவ்வளவே இவையும் செல்லும்.

இக்குறையை நீக்கும் பொருட்டு 1993-ஆம் ஆண்டில் அடோபி, ஆக்ஃபா, ஆப்பிள், கோடாக் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஐசிசி என்னும் கூட்டமைப்பை ஏற்படுத்தின. அது வகுத்த ப்ரொஃபைல் என்னும் விவரத் தொகுதி, எண்கள் குறிக்கும் வர்ணங்கள் யாவை என்பதைப் படத்துடனேயே எடுத்துச் செல்கிறது. ஹியூலட்-பேக்கார்டும் மைக்ரோசாஃப்டும் 1996-ஆம் ஆண்டில் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி என்னும் வர்ணவெளி, 1999-ஆம் ஆண்டில் சர்வதேச நிர்ணயமாகி, இணைய உலகின் பொதுவழக்காயிற்று. அதனினும் விரிந்த அடோபி ஆர்ஜிபி 1998-ஆம் ஆண்டில் வந்தது. இன்றைய உயர்தரக் கைப்பேசிகளில் பல பி3 என்னும் வேறொரு விரிந்த வெளியைக் கையாளுகின்றன. விரிந்த வெளியில் எழுதிய எண்களை, ப்ரொஃபைலைப் படிக்காத லேபின் மென்பொருள் எஸ்ஆர்ஜிபி எண்களாகவே பாவித்துவிடுமானால், சிவப்பும் பச்சையும் களையிழந்து, படம் முழுதும் சாம்பல் பூசியதுபோல் வெளிறிவிடும். விரிந்த வர்ணவெளி உயர்ந்ததாயிற்றே என்று எண்ணி அதை அனுப்பியவருக்குப் பலவேளைகளில் குறைந்த வர்ணமே கிடைப்பதன் காரணம் இதுதான்.

திரையும் காகிதமும்

எண்களின் பொருளில் யாதொரு குழப்பமும் இல்லையென்றே வைத்துக்கொண்டாலும், திரையும் காகிதமும் சுபாவத்தில் வேறானவை. திரை தானே ஒளிர்வது. காகிதமோ தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவது. எஸ்ஆர்ஜிபி நிர்ணயம் திரையின் வெண்மைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 80 கேண்டெலா பிரகாசத்தையே ஆதாரமாகக் கொண்டது. அச்சுக்காகப் படங்களைத் திருத்துவோர் 80-க்கும் 120-க்கும் இடையே தங்கள் திரையை நிறுத்துவது வழக்கம். நம் கையிலுள்ள கைப்பேசியோ பல நூறு கேண்டெலாவில் ஜொலிப்பது. அத்தகைய திரையில் நிழலுக்குள் இருக்கும் முகமும் தெளிவாகத் தெரிவதால், படம் போதிய வெளிச்சத்துடன் இருப்பதாக நம்பி அனுப்பிவிடுகிறோம். காகிதத்தில் அது இருண்டு வருகிறது. பிரதி இருண்டிருக்கிறது என்னும் முறையீடு இத்துறையில் எல்லாவற்றிலும் சகஜமானது; பெரும்பாலும் அதன் மூலம் லேபில் இல்லை, அனுப்புகிறவருடைய திரையின் பிரகாசத்திலேயே இருக்கிறது.

ஒளிக்கும் இருளுக்கும் உள்ள விகிதமும் அப்படியே. பளபளப்பான நல்ல காகிதத்தில் வெண்மை, கருமையைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு ஒளியைத் திருப்புகிறது. மேட் காகிதத்தில் அவ்விகிதம் 40 அல்லது 50 மடங்காகக் குறைந்துவிடுகிறது. திரையிலோ அது ஆயிரத்துக்கும் மேற்பட்டது. ஆகவே காகிதம் திரையைப் பிரதி எடுப்பதில்லை. அதன் விரிந்த ஏற்ற இறக்கங்களைத் தன் குறுகிய எல்லைக்குள் சுருக்கிச் சொல்கிறது. வர்ணங்களிலும் இச்சுருக்கம் உண்டு. திரையின் தூய நீலம் காகிதத்தில் மங்கி ஊதாவின் பக்கம் சாய்வதும், மேடையின் எல்இடி விளக்குகள் வீசும் கடும் ஊதாவும் கடும் பச்சையும் வெறும் திட்டுகளாகத் தட்டையாகிவிடுவதும், மையின் எல்லைக்கு வெளியே அவை கிடப்பதனாலேயே. எல்லைக்கு வெளியே உள்ளவற்றை மட்டும் அருகிலுள்ள வர்ணத்துக்கு இழுப்பதா, அன்றி எல்லா வர்ணங்களையும் ஒரே சீராகச் சுருக்கி அவற்றின் பரஸ்பர உறவைக் காப்பதா என்பது வர்ண மாற்றத்தில் செய்யவேண்டிய ஒரு தேர்வு; பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு அப்படி ஒரு தேர்வு நிகழ்வதே தெரியாது.

இவற்றோடு, பிரதியை நாம் எந்த வெளிச்சத்தில் பார்க்கிறோம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. அச்சுத் தொழிலின் சர்வதேச நிர்ணயம் 5000 கெல்வின் அளவிலான வெளிச்சத்தையும், நுணுக்கமான ஒப்பீட்டுக்கு 2000 லக்ஸ், சாதாரணப் பார்வைக்கு 500 லக்ஸ் என்னும் பிரகாசத்தையும் விதிக்கிறது. வீடுகளில் எரியும் வெண்ணிற விளக்குகள் 6500 கெல்வினை ஒட்டியவை. மஞ்சள் சாயலுள்ளவை 3000 அல்லது அதற்கும் கீழ். வெள்ளையாகத் தோன்றுவதற்காகக் காகிதங்களில் சேர்க்கப்படும் பொலிவூட்டிகள் புற ஊதாக் கதிரை உண்டு நீல ஒளியை உமிழ்பவை. அக்கதிர் இல்லாத எல்இடி விளக்கின்கீழ் அதே காகிதம் சற்றே பழுத்துத் தோன்றும். ஆகவே ஒரே பிரதி காலையில் ஜன்னலோரத்தில் ஒரு வர்ணமாகவும், இரவில் விளக்கடியில் வேறொரு வர்ணமாகவும் காண்பது குற்றமன்று, ஒளியின் இயல்பு.

அச்சு முறைகளின் வேற்றுமை

இணையத்தில் ஒரே நிறுவனத்தின் பெயரில் விற்கப்படும் பண்டங்கள் ஒரே யந்திரத்தில் பிறப்பவையல்ல. தனிப்பிரதிகள் பலவிடங்களில் இன்றும் வெள்ளி உப்புப் பூசிய வர்ணக் காகிதத்தின்மேல் சிவப்பு, பச்சை, நீல லேசர் கதிர்களால் எழுதப்பட்டு, ஆர்ஏ-4 என்னும் ரசாயன முறையில் கழுவப்படுகின்றன. 1996-ஆம் ஆண்டில் ஃபியூஜி வெளியிட்ட ஃப்ரான்டியர் போன்ற யந்திரங்களே இம்முறையை எங்கும் பரப்பின. இதில் மைப்புள்ளிகள் கிடையா. சாயம் இடைவெளியின்றித் தொடர்வதால் முகங்களின் மேடுபள்ளங்கள் மிருதுவாக வரும். ரசாயனத்தை விலக்கிய புதிய லேப்களில் மைத்துளிகளைத் தெளிக்கும் இன்க்ஜெட் யந்திரங்கள் இடம்பெற்றுவிட்டன. மைகளின் எண்ணிக்கை கூடக்கூட அவற்றின் வர்ண எல்லையும் விரியும்.

புத்தகமாகக் கட்டிய ஆல்பங்களின் கதை வேறு. 1993-ஆம் ஆண்டில் பென்னி லாண்டாவின் இன்டிகோ நிறுவனம் அறிமுகப்படுத்தி, பின்னர் ஹியூலட்-பேக்கார்டின் உடைமையான திரவ மை முறையிலும், அதையொத்த டிஜிட்டல் அச்சு முறைகளிலுமே அவற்றின் பக்கங்கள் பெரும்பாலும் அச்சாகின்றன. அங்கே நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் நுண்புள்ளிகள் நெருங்கியும் விலகியும் நின்று வர்ணத்தைப் போல நடிக்கின்றன. ஆதலால் தனிப்பிரதியாக வந்த படமும், ஆல்பத்தின் பக்கத்தில் வந்த அதே படமும், கான்வாஸில் வந்த அதே படமும் மூன்று முகங்களாகத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. கல்யாண ஆல்பங்களின் தாள்களுக்கு மேல் ஒட்டும் லாமினேஷனும் தன் பங்குக்குப் பளபளப்பையோ மந்தத்தையோ கூட்டிக் கருமையின் ஆழத்தை மாற்றிவிடுகிறது. எந்தக் காகிதத்தில், எந்த முறையில், எந்த மேல்பூச்சுடன் என்று கேளாமல் ஒரு நிறுவனத்தின் வர்ணம் நல்லதென்றோ கெட்டதென்றோ தீர்ப்புக் கூறுவது நியாயமாகாது.

கேளாமல் செய்யும் திருத்தம்

இதுவரை கூறியவை பெரும்பாலும் இயற்கையின் எல்லைகள். இனிக் கூறப்போவது மனிதர் வகுத்த ஏற்பாடு. ஆகவே இதுவே நம் விசாரணையின் மையம் எனலாம்.

வர்ண நெகட்டிவின் காலத்தில் படத்தின் உண்மையான வர்ணம் எது என்பதைப் படச்சுருள் தானே சொல்லாது. அச்சிடுபவர் ஊகிக்க வேண்டும். கோடாக்கின் ரால்ஃப் எவன்ஸ் 1940-களில் கண்ட உபாயம், ஒரு காட்சியின் எல்லா வர்ணங்களையும் கலந்தால் சராசரியில் அது ஏறத்தாழச் சாம்பல் நிறமாகும் என்னும் அனுமானம். லட்சக்கணக்கான படங்களை யந்திரமே விரைந்து அச்சிட அது பேருதவியாயிற்று. ஆனால் படச்சட்டம் முழுதும் அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவை நிறைந்திருந்தால், அச்சிவப்பைப் பிழையென்று கருதிய யந்திரம், அதைச் சமனாக்கும் பொருட்டுப் பச்சைநீலத்தை ஏற்றி, மணப்பெண்ணின் முகத்தைச் சோகை பிடித்ததுபோல் ஆக்கிவிடும். கணிதம் இன்று எவ்வளவோ நுட்பமடைந்திருப்பினும், இணைய லேப்கள் பலவற்றில் தாமாகவே இயங்கும் கலர் கரெக்ஷன் அந்த அனுமானத்தின் வழித்தோன்றலே: அது சராசரியை நாடுகிறது, சராசரிக்கு விலகிய காட்சியை நோய் என்று கொள்கிறது.

தோலின் நிறத்தில் இச்சராசரி யாருடையது என்னும் கேள்வி எழுகிறது. லேப்கள் தம் யந்திரங்களைச் சரிபார்ப்பதற்குக் கோடாக் அளித்த மாதிரிப் படங்களில் நெடுங்காலம் வெள்ளைத் தோலுடைய பெண்களே இருந்தனர். தொழிலாளர் வழக்கில் அப்படத்துக்கு ஷெர்லி என்றே பெயர். அம்முகம் சரியாக வந்தால் யந்திரம் சரி. கறுத்த முகங்களின் நுணுக்கங்கள் இருளில் கரைந்துபோவதைப் பற்றி அக்காலத்தில் கவலைப்பட்டவர் சிலரே. படச்சுருளில் பழுப்பு வர்ணங்கள் திருந்தியதற்குச் சாக்கலேட்டையும் மரச்சாமான்களையும் விளம்பரம் செய்தோரின் முறையீடுகளும் ஒரு காரணமாயின என்பது இத்துறையின் சரித்திரத்தில் வெட்கத்துக்குரிய ஒரு செய்தி. பல இனத்துப் பெண்கள் ஒருங்கே அமைந்த மாதிரிப் படம் 1990-களில்தான் கோடாக்கிடமிருந்து வந்தது. இதற்கு மாறாக, 1976-ஆம் ஆண்டில் மாக்பெத் நிறுவனம் வெளியிட்ட 24 கட்டங்கள் கொண்ட வர்ண அட்டையில் முதற்கட்டமே கறுத்த தோலின் நிறமாக அமைந்தது என்பதை நினைவுகூர்வது தகும். அளவியல் அறிந்திருந்ததை வியாபாரம் அறிந்துகொள்ள ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது.

இன்றைய தானியங்கித் திருத்தமோ பிழையை எதிர்த்திசையில் செய்கிறது. கறுத்த முகத்தைக் குறைந்த வெளிச்சத்தில் எடுத்த படமென்று தவறாகக் கணித்து, அதை வெளுக்கச் செய்கிறது. சில செயலிகள் அழகூட்டல் என்ற பெயரில் அதையே வேண்டுமென்று செய்கின்றன. வெளுத்து வந்த முகத்தைக் கண்டு மகிழ்கிறவர்களும் இருக்கலாம். ஆயினும் பாட்டியின் கறுத்த, மினுங்கும் நெற்றியை மாநிறமாக்கிக் கொடுத்த பிரதி, எவ்வளவு தெளிவாக இருப்பினும், சாட்சி என்னும் முறையில் பொய்யானதே. வர்ணத் துல்லியத்தை நாடுவோர்க்கு விலக்க வேண்டியவற்றுள் தலையாயது, கேளாமல் செய்யப்படும் இந்த உபகாரம்.

கூர்மையின் கணக்கு

கூர்மையைப் பற்றிய விசாரணையைக் கண்ணிலிருந்து தொடங்குவது முறை. ஆரோக்கியமான கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். ஒரு படத்தைக் கையில் பிடித்துப் பார்க்கும் 25 சென்டிமீட்டர் தூரத்தில் அது அங்குலத்துக்கு ஏறத்தாழ 350 புள்ளிகளாகும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று லேப்கள் கேட்பதன் நியாயம் இதுவே. அக்கணக்கின்படி 4×6 அங்குலப் பிரதிக்கு 1200×1800 பிக்சல்களும், 8×12-க்கு 2400×3600-ம், 12×18-க்கு 3600×5400-ம் வேண்டும். சுவரில் மாட்டி ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 90 பிக்சல்களே போதுமாதலால், பெரிய படத்துக்கு அதே விகிதத்தில் பெரிய ஃபைல் வேண்டுமென்பதில்லை. ஃபைலின் விவரத்தில் 300 டிபிஐ என்று எழுதியிருப்பதால் மட்டும் ஒரு படம் கூர்மையாகிவிடாது. மொத்தப் பிக்சல்களின் எண்ணிக்கையே பிரமாணம்.

இந்த எண்ணிக்கை வழியில் களவுபோவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில். சாதாரணமாக அனுப்பப்படும் படத்தின் நீண்ட பக்கத்தை அது சுமார் 1600 பிக்சலாகக் குறைத்து, ஜேபெக் முறையில் கடுமையாகச் சுருக்குகிறது. 1600 பிக்சல் என்பது 300-ஆம் கணக்கில் ஐந்தேகால் அங்குலத்துக்குச் சற்று மிகுதி; அதை 12×18 அளவுக்கு அச்சிடச் சொல்பவர், இல்லாத விவரத்தைக் காகிதத்திடம் கேட்கிறார். ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், ஒவ்வொரு தடவை திருத்திச் சேமிக்கும்போதும் கட்டங்களின் எல்லைகளும், விளிம்புகளைச் சுற்றிய கொசுவலை போன்ற கறையும் வலுக்கின்றன. செயற்கை அறிவினால் படத்தைப் பெரிதாக்கும் மென்பொருள்கள் இக்குறையை மறைப்பது உண்மையே; ஆனால் அவை சேர்க்கும் இமைமயிரும் பல்வரிசையும் ஊகித்து வரைந்தவையாதலால், நெருங்கிய உறவினரின் கண்ணுக்கு அம்முகம் சற்றே அந்நியமாகத் தோன்றும்.

கூர்மையூட்டல் என்பதும் கணினி கண்ட கலையன்று. மங்கலாக்கிய ஒரு பாசிட்டிவை நெகட்டிவின்மேல் பொருத்தி அச்சிட்டால் விளிம்புகள் எடுப்பாகத் தோன்றும் என்பது இருட்டறைக் கலைஞர் அறிந்த சூட்சுமம். அன்ஷார்ப் மாஸ்க் என்னும் பெயர் மங்கலான அந்தப் பாசிட்டிவைக் குறிப்பதே. காமிராவில் ஒரு தடவை, கலைநோக்கோடு ஒரு தடவை, அச்சுக்காகக் கடைசியில் ஒரு தடவை எனக் கூர்மையூட்டலை மூன்று நிலைகளாகப் பிரித்துச் செய்ய வேண்டுமென்று இத்துறை நூலாசிரியரான புரூஸ் ஃப்ரேசர் வற்புறுத்தினார். கடைசி நிலை காகிதத்தைப் பொறுத்தது: மேட் காகிதம் மையை உறிஞ்சுவதால் சற்று மிகுதியாகவும், பளபளப்பான காகிதத்துக்குக் குறைவாகவும் வேண்டும். அதை லேப் தானாகச் செய்கிறதா என்று அறியாமல் நாமும் செய்துவிட்டால், இரட்டிப்பான கூர்மை தலைமயிரைக் கம்பியாகவும் கன்னத்தை மணலாகவும் ஆக்கிவிடும்.

விளிம்பு வெட்டப்படுவதும் இங்கே சொல்லத்தக்கது. கைப்பேசிப் படம் பெரும்பாலும் 4:3. 4×6 காகிதமோ 3:2. அதை ஓரமின்றி நிரப்பினால் படத்தின் ஒன்பதில் ஒரு பங்கு கழிந்துபோகும். குழுப்படத்தின் கடைசி வரிசையில் நின்றவரின் தலை போவது இதனால்தான். அச்சுக்கு அனுப்புமுன் அந்த அளவுக்குத் தாமே கிராப் செய்துகொள்பவர் இந்நஷ்டத்தைத் தம் விருப்பப்படி நடத்திக்கொள்கிறார்.

பரிகாரங்களின் தராதரம்

துல்லியத்தை நாடுவோர்க்குக் கூறப்படும் உபாயங்கள் பல. அவை யாவும் சமமான பலன் தருவனவல்ல. விலை ஏதுமின்றி மிகுந்த பலன் தருபவை மூன்று. காமிராவிலோ கைப்பேசியிலோ உள்ள மூலப்படத்தையே, ப்ரொஃபைல் பொதிந்த எஸ்ஆர்ஜிபி ஜேபெக்காக நேரே பதிவேற்றுவது ஒன்று. தானியங்கித் திருத்தத்தை நிறுத்தும்படி தேர்வு செய்வது மற்றொன்று. திரையின் பிரகாசத்தை, பக்கத்தில் வைத்த வெள்ளைக் காகிதத்தோடு ஒத்திருக்கும்வரை தணித்துக்கொண்டு படத்தைப் பரிசீலிப்பது மூன்றாவது.

திரையை அளந்து நெறிப்படுத்தும் வர்ணமானிக் கருவி நிச்சயமாக உதவும். எனினும் அடிக்கடி அச்சிடுவோர்க்கே அதன் கிரயம் தகும். லேப் வெளியிடும் ப்ரொஃபைலைக்கொண்டு அச்சின் தோற்றத்தைத் திரையிலேயே முன்கூட்டிக் காணும் சாஃப்ட் புரூஃபிங் முறை, எந்த வர்ணம் எல்லைக்கு வெளியே விழுகிறது என்பதைக் காட்டுவதில் சிறந்தது. ஆனால் லேபின் யந்திரம் அந்த ப்ரொஃபைலின்படி நாள்தோறும் நடந்துகொண்டால்தான் அதற்கு அர்த்தமுண்டு. காகிதத்தின் சுருளும் ரசாயனத்தின் வீரியமும் மாறும்போது யந்திரத்தை மீண்டும் நெறிப்படுத்தாத இடத்தில், ப்ரொஃபைல் வெறும் அலங்காரம்.

ஆகவே எல்லா உபாயங்களிலும் நம்பத்தக்கது சோதனைப் பிரதியே. சாம்பல் நிறப் படிகளும், நன்கறிந்த ஒரு முகமும், பட்டும் பசுமையும் அடங்கிய ஒரு சிறு படத்தை, ஆல்பத்துக்குத் தேர்ந்த அதே காகிதத்தில் அச்சிட்டு வாங்கி, நேர்வெயில் படாத ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சாம்பல் படிகளில் ஏதேனும் சாயல் ஏறியிருந்தால் அது வர்ணச் சமநிலையின் பிழை. இருண்ட படிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் அது ஒளியளவின் பிழை. அதே ஃபைலைச் சில வாரங்கள் கழித்து மீண்டும் அனுப்பி, இரு பிரதிகளையும் அருகருகே வைத்தால், லேபின் நிலைத்தன்மை வெளிப்பட்டுவிடும். எப்பொழுதும் சற்றே மஞ்சளாக அச்சிடும் லேபுக்கு ஏற்பப் படத்தை முன்கூட்டியே திருத்திக்கொள்ளலாம். ஒரு நாள் மஞ்சளாகவும் மறுநாள் நீலமாகவும் அச்சிடும் லேபுக்கு எந்தப் பரிகாரமும் இல்லை.

எந்தப் பரிகாரத்துக்கும் எட்டாதவை சில உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊடும் பாவும் வெவ்வேறு வர்ணமாய் நெய்த மயில்கழுத்துப் பட்டு, பார்க்கும் கோணத்துக்கேற்ப நீலமாகவும் பச்சையாகவும் மாறுவது. காமிரா அதன் ஒரு கோணத்தையே பிடிக்கும். ஜரிகையின் ஒளிர்வை எந்த மையும் மஞ்சள், பழுப்புகளின் கூட்டாகவே சொல்லும். அதற்கு லேபைக் குறை கூறுவது பொருந்தாது.

முடிபு

மேலே கண்டவற்றைத் தொகுத்தால், இரு தரப்பாரின் வாதத்துக்கும் ஒருவாறு தீர்ப்புக் கூறலாம். பிரதி இருண்டு வருவதற்கும் மங்கி வருவதற்கும் பெரும்பாலும் அனுப்பியவரின் திரையும், படம் வந்த வழியுமே பொறுப்பு. சாம்பலில் சாயல் ஏறுவதற்கும், தோல் வெளுப்பதற்கும், நாளுக்கு நாள் வர்ணம் மாறுவதற்கும் லேபே பொறுப்பு. மையின் எல்லைக்கு அப்பாற்பட்ட வர்ணங்களுக்கு எவரும் பொறுப்பல்லர். முற்பட்ட குற்றங்களை வாடிக்கையாளர் தம் பக்கத்தில் நீக்கிக்கொண்ட பின்னரே பிற்பட்டவற்றைப் பற்றி அவருடைய முறையீடு வலுப்பெறுகிறது. இணையத்தில் லேப்கள் அழகான பிரதியை வாக்களிக்கின்றன. அழகு என்பது ஒவ்வொருவர் ருசியைப் பொறுத்ததாகையால் அவ்வாக்கைச் சோதிக்க வழியில்லை. சோதிக்கத்தக்க கேள்விகள் இரண்டே உண்டு: நான் அனுப்பிய படத்தை உங்கள் விருப்பப்படி மாற்றாமல் அச்சிடுவீர்களா? அடுத்த மாதம் அதே படத்தை அனுப்பினால் இதே வர்ணம் வருமா? இவ்விரண்டுக்கும் ஆம் என்று சொல்லி, சோதனைப் பிரதியிலும் அதை நிரூபிக்கும் லேப், விலையில் சற்று மேற்பட்டிருந்தாலும், துல்லியத்தை நாடுவோர் தேர்ந்துகொள்ளத்தக்கது.